பைலட் ஏணியில் குறை தெரிந்தால் யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விவரம் தெரியட்டும். தேர்டு ஆபீசராக இருக்கிறீர்கள். போன துறைமுகத்தில் கப்பலை வழிநடத்துவதற்காக, பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியில் ஏறி வந்த பைலட், அந்த ஏணியின் பக்கக் கயிறுகளை டெக்கில் (மேல்தளத்தில்) டி-ஷாக்கிள் என்ற இரும்பு வளையம் போட்டுப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, “இப்படிக் கட்டக்கூடாது, அடுத்து யாரும் இறங்குவதற்குள் மாற்றிவிடுங்கள்” என்றார். மாற்றினீர்கள். இதை நியர் மிஸ்ஸாக, அதாவது மயிரிழையில் தப்பிய விபத்தாக எழுதட்டுமா என்று கேட்டபோது சீஃப் ஆபீசர், “பைலட் ஏறிட்டார்ல, விடுப்பா” என்றார். எழுத வேண்டுமா, யாருக்கு எழுதுவது, எடுத்து வைத்திருக்கும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடலாமா, இதனால் வேலைக்குப் பாதிப்பு வருமா என்று கேட்கிறீர்கள்.

எழுதத்தான் வேண்டும். முதலில் கப்பலுக்குள்ளேயே, தாமதமில்லாமல். அங்கே நின்றுபோனால் கம்பெனியின் டி.பி.ஏ.வுக்கு, அதாவது கப்பலின் பாதுகாப்புக்குக் கரையில் பொறுப்பாக இருக்கும் அதிகாரிக்கு. அங்கும் அசைவில்லையென்றால், உங்கள் பெயரை வெளியே விடாமல் வாங்கிக்கொள்ளும் அமைப்புகள் இருக்கின்றன. படத்தைக் குழுவில் போடுவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

“பைலட் ஏறிட்டார்ல” என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். அவர் ஏறினார் என்றால், அந்த அலையில், அவருடைய எடைக்கு, அந்தச் சில நிமிடங்கள் ஏணி தாங்கியது என்று மட்டுமே பொருள். கப்பலில் மற்ற எந்தக் குறையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பம்ப்பில் கசிவு இருந்தால் அதே இன்ஜினியர் காலையிலும் பார்ப்பார், மாலையிலும் பார்ப்பார், கடைசியில் சலித்துப்போயாவது சரிசெய்வார். பைலட் ஏணி அப்படியில்லை. அதில் தொங்குபவர் ஒருவர், பராமரிப்பவர் வேறொருவர். தொங்குபவருக்கு அதன் குறை உள்ளங்கையில் தெரியும், ஆனால் சில மணி நேரத்தில் அவர் கரைக்குப் போய்விடுவார். பராமரிப்பவர் கப்பலிலேயே இருப்பார், ஆனால் அவர் அதில் ஏறி இறங்குவதே அபூர்வம். கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போகும்போது குறையும் கூடவே போகும். அங்கே வரும் பைலட்டுக்கு எதுவும் தெரியாது. இந்த இரண்டு பேரையும், இந்த இரண்டு துறைமுகங்களையும் இணைப்பது எழுதி அனுப்பும் அறிக்கை ஒன்றுதான். எழுதாவிட்டால் ஒவ்வொரு பைலட்டும் அதே குறையை முதல்முறையாகத் தன் உடம்பால் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

பைலட்களின் சர்வதேச சங்கமான ஐ.எம்.பி.ஏ. ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. பல நாடுகளின் பைலட்கள் தாங்கள் ஏறிய ஏணிகளைப் பற்றிக் குறித்து அனுப்புகிறார்கள். விதிக்குப் பொருந்தாதவை பத்தில் ஒன்றுக்கும் மேல் என்றே ஆண்டுக்கு ஆண்டு முடிவு வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கப்பல்களிலும் பெரும்பாலான நாட்களில் பைலட் பத்திரமாக ஏறித்தான் இருப்பார்.

உங்கள் கப்பலில் இருந்த குறை எவ்வளவு பெரியது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் அறிக்கையைச் சரியாக எழுத முடியும்.

ஏணியை முழு நீளத்துக்கும் இறக்கினால் சிக்கல் குறைவு. பக்கக் கயிறுகளின் மேல் முனைகள் பேட் ஐகளில், அதாவது டெக்கில் பற்றவைத்த இரும்புக் கண்களில், நேராகக் கட்டப்பட்டிருக்கும். சரக்கு ஏற்றியதும் ஃப்ரீபோர்டு (தண்ணீருக்கு மேல் டெக்கின் உயரம்) குறைகிறது, ஏணியின் ஒரு பகுதி டெக்கிலேயே மிச்சமாகக் கிடக்கிறது. இப்போது நடுவில் எங்கோ பிடித்தாக வேண்டும். இதற்கான முறை, இரு பக்கக் கயிறுகளிலும் தனித்தனிக் கயிறால் ரோலிங் ஹிட்ச் என்ற வழுக்காமல் இறுகும் முடிச்சைப் போட்டு, அந்தக் கயிறுகளை டெக்கின் ஸ்ட்ராங் பாயிண்டில் (எடை தாங்கும் உறுதியான இடத்தில்) கட்டுவது. ஏணியின் எடையும் மனிதனின் எடையும் பக்கக் கயிறுகள் வழியாகவே டெக்குக்கு வந்து சேரும். அந்தக் கயிறுகள் அதற்காகவே செய்யப்பட்டவை. பக்கத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் குறைந்தது 18 மி.மீ. தடிமன்.

ஷாக்கிள் போட்டால் நடப்பது வேறு. ஷாக்கிள் கயிற்றை இறுகப் பிடிக்காது. எடை விழுந்ததும் கயிறு அதற்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். டெக் பக்கம் இருக்கும் அடுத்த ஸ்டெப் வந்து ஷாக்கிளில் முட்டி நிற்கும். இப்போது மொத்த எடையும் அந்த ஒரு ஸ்டெப்பின் மேல், அதாவது ஸ்டெப்பைக் கயிற்றோடு பிடித்திருக்கும் சிறிய சீசிங் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டெப் ஆடாமல் சாயாமல் கிடையாக நிற்பதற்காகப் போட்ட கட்டு அது. ஒரு ஆளையும் முழு ஏணியையும் தூக்குவதற்குப் போட்டதல்ல. ஏணியைச் சுருட்டும்போது குனிந்து அந்த ஸ்டெப்பைப் பாருங்கள். சீசிங் நூல் கயிற்றின் மேல் சற்று நகர்ந்து, அது முன்பு இருந்த இடத்தில் வெளுத்த தடம் ஒன்று தெரியும். பெருவிரலால் அழுத்தினால் கட்டு அசையும். அடுத்த துறைமுகத்தில் கப்பல் காலியாக வந்து ஏணியை முழுதாக இறக்கும்போது அதே ஸ்டெப் கப்பலுக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே தொங்கும். பைலட் கால் வைத்ததும் ஒரு பக்கமாகச் சாயும். ஷாக்கிளை நீங்கள் கழற்றியாகிவிட்டது, நல்லது. ஆனால் அது செய்த சேதம் அந்த ஸ்டெப்பில் இன்னும் இருக்கலாம். குறை சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இரண்டு பக்கமும் இரும்புத் தகட்டின் இடுக்கில் ஸ்டெப்பைச் செருகி நிறுத்துவதும், ஸ்டெப்பின் அடியில் கம்பியைக் கொடுத்துத் தாங்க வைப்பதும் இதே வகைத் தவறுதான். ரீலில் சுற்றிய ஏணியை ரீலின் பிரேக்கை நம்பி விட்டுவிடுவதும் அப்படியே. ரீலைச் சாராத தனி ஸ்ட்ராங் பாயிண்டில், கப்பலின் பக்கவாட்டிலிருந்து குறைந்தது 915 மி.மீ. உள்ளே, பக்கக் கயிறுகளைக் கட்டியிருக்க வேண்டும்.

கயிறைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மணிலா கயிறு வெளியே பார்க்கப் பழுப்பாக, முறுக்காக, நன்றாகவே இருக்கும். இரண்டு கையாலும் பிடித்து முறுக்குக்கு எதிர்த்திசையில் திருகி உள்ளே பாருங்கள். நல்ல கயிற்றின் உட்புறம் வெளிப்புறத்தைவிடப் பளிச்சென்று இருக்கும். கெட்டுப்போன கயிற்றில் சாம்பல் நிறத் தூள் கொட்டும், இழைகள் துண்டு துண்டாக வரும். ஏணிக்குச் சான்றிதழ் இருக்கிறது என்று காட்டுவார்கள். தயாரித்த அன்று எப்படி இருந்தது என்பதைத்தான் சான்றிதழ் சொல்லும், வெயிலிலும் உப்பிலும் டெக்கில் திறந்து கிடந்த மாதங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. ஸ்டெப்புக்குப் பெயிண்ட் அடித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், மரத்தில் விழுந்த வெடிப்பு மறைந்துபோகும், ஈரத்தில் வழுக்கவும் செய்யும்.

குறையின் வகையைப் பொறுத்துத்தான் அறிக்கை எங்கே போக வேண்டும் என்பதும் மாறுகிறது. கட்டிய விதம் தப்பு என்றால் கப்பலிலேயே தீர்க்கலாம். கயிறோ ஸ்டெப்போ தேய்ந்துவிட்டது என்றால் மாற்று ஏணி வேண்டும், வாங்கித் தருவது கம்பெனி. பலரும் கவனிக்காத மூன்றாவது வகை, கப்பல் கட்டும்போதே வந்த குறை. உங்கள் போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்) ஏன் ஷாக்கிள் போட்டார் என்று கேட்டுப் பார்த்தீர்களா? பெரும்பாலும் விடை டெக்கிலேயே இருக்கும். ஏணி இறங்கும் இடத்துக்கு நேரே பேட் ஐ இருக்காது, அல்லது மிக அருகில், மிகத் தள்ளி, ஒரு பக்கமாக இருக்கும். ரோலிங் ஹிட்ச் போட்டாலும் கட்ட இடமில்லாத கப்பல்கள் உண்டு. அங்கே ஆளைத் திருத்திப் பயனில்லை. அடுத்த காண்ட்ராக்டில் வரும் போசனும் அதையேதான் செய்வார். வெல்டிங் செய்து புதிய பேட் ஐ வைக்க வேண்டும், கப்பலின் தரத்துக்குச் சான்று தரும் கிளாஸ் நிறுவனம் அதை ஏற்க வேண்டும், பணம் செலவாகும். அதே யார்டில் அதே வடிவமைப்பில் கட்டிய சிஸ்டர் ஷிப்களிலும் இதே குறை இருக்கும். இதெல்லாம் மாஸ்டர் (கேப்டன்) தீர்க்கக்கூடியது அல்ல. கரையில் இருப்பவருக்கு எழுத்தில் போயே ஆக வேண்டும்.

இப்படிக் கட்டமைப்பிலேயே இருக்கும் குறைக்குக் கொடுத்த விலைக்கு ஓர் உதாரணம் இருக்கிறது. தண்ணீரிலிருந்து ஏறும் உயரம் 9 மீட்டருக்கு மேல் போனால் வெறும் பைலட் ஏணி போதாது. கப்பலின் பக்கவாட்டில் சாய்வாக இறங்கும் படிக்கட்டான அக்காமடேஷன் லேடரோடு சேர்த்து கம்பினேஷனாக அமைக்க வேண்டும். சில கப்பல்களில் அக்காமடேஷன் லேடரின் கீழ் பிளாட்ஃபார்மில் டிராப் டோர் (திறந்து மூடும் துவாரம்) இருக்கும், பைலட் அதன் வழியாக மேலே வருவார். அந்தத் துவாரம் குறைந்தது 750-க்கு 750 மி.மீ. இருக்க வேண்டும், பைலட் ஏணி பிளாட்ஃபார்மோடு நின்றுவிடாமல் அதன் கைப்பிடி உயரம் வரை மேலே நீண்டிருக்க வேண்டும், கப்பலின் பக்கவாட்டோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது சர்வதேச கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் ஏ.1045(27) தீர்மானம். பல கப்பல்களில் ஏணியைப் பிளாட்ஃபார்மின் அடியிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். ஏணியின் கடைசிப் படிக்கும் பிளாட்ஃபார்முக்கும் இடையே, ஏறுபவர் ஒரு கையை விட்டு, உடம்பைத் திருப்பி, வேறு எதையோ எட்டிப் பிடித்துத் தன்னை மேலே இழுக்க வேண்டும். பைலட்கள் இதைப் பற்றி வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். 2019 டிசம்பர் இறுதியில், நியூயார்க் துறைமுகத்துக்கு வெளியே, அங்குள்ள சாண்டி ஹுக் பைலட் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் இந்த வகைக் கம்பினேஷன் அமைப்பில் ஒரு கன்டெய்னர் கப்பலில் ஏறும்போது விழுந்து இறந்தார். பல்லாண்டு அனுபவமுள்ளவர். அடுத்த ஆகஸ்டில் அதே பைலட் சங்கத்தைச் சேர்ந்த இன்னொருவர், கப்பலில் ஏறும்போது விழுந்து உயிரிழந்தார். அதற்குப் பிறகு பல இடங்களில் பைலட்கள் டிராப் டோர் அமைப்புகளைக் கவனமாகப் பரிசோதித்து, பொருந்தாதவற்றில் ஏற மறுக்கத் தொடங்கினார்கள். கப்பல்களில் அந்த அமைப்பு மாறவும் தொடங்கியது. அதற்கு முன் அதே அமைப்பில் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் “பைலட் ஏறிட்டார்ல” என்ற கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

சரி, எங்கே அனுப்புவது?

முதல் இடம் உங்கள் கப்பலின் பாதுகாப்பு மேலாண்மை முறையான எஸ்.எம்.எஸ். கப்பல்களைப் பாதுகாப்பாக நடத்துவதற்கான சர்வதேச விதித்தொகுப்பான ஐ.எஸ்.எம். கோடின் 9-ஆம் பிரிவு, விபத்து மட்டுமல்ல, ஆபத்தான நிகழ்வுகளையும் விதிமீறல்களையும் கம்பெனிக்குத் தெரிவித்து, ஆராய்ந்து, திருத்த வேண்டும் என்று கட்டாயமாகச் சொல்கிறது. ஆகவே நியர் மிஸ் ஃபாரத்தை நிரப்புவது உங்கள் விருப்பம் அல்ல, வேலையின் ஒரு பகுதி. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள விதி 23 இன்னொரு பிடியையும் தருகிறது. ஒவ்வொரு பைலட் ஏணிக்கும் அடையாள டேக் இருக்க வேண்டும், எந்தத் தேதியில் பயன்பாட்டுக்கு வந்தது, என்ன பழுது பார்த்தது என்று கப்பலில் பதிவு இருக்க வேண்டும். பைலட் சொன்ன குறையும் அதற்கு நீங்கள் செய்ததும் அந்தப் பதிவிலும் ஏற வேண்டும். பதிவேடு எங்கே என்று போசனையும் சீஃப் ஆபீசரையும் கேளுங்கள். பல கப்பல்களில் இந்தக் கேள்வியே பாதி வேலையைச் செய்துவிடும்.

இரண்டாவது டி.பி.ஏ. கம்பெனியின் உச்ச நிர்வாகத்தை நேரடியாக அணுகும் உரிமை அவருக்கு ஐ.எஸ்.எம். கோடிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. கப்பலில் உள்ள யார் வேண்டுமானாலும் அவரை அணுகலாம், பெயரும் தொலைபேசி எண்ணும் மெஸ் ரூமில் ஒட்டியிருக்கும். மாஸ்டரைத் தாண்டிப் போவது நம் ஆட்களுக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும், அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதனால் முதலில் மாஸ்டரிடமே சொல்லுங்கள், “சார், இது கட்டமைப்புக் குறை மாதிரி தெரியுது, டி.பி.ஏ.வுக்குப் போனா சிஸ்டர் ஷிப்களுக்கும் உதவும்” என்று. பெரும்பாலான மாஸ்டர்கள் தாங்களே அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது, வெளியே இருக்கும் ரகசிய அமைப்புகள். பிரிட்டனில் இயங்கும் சிர்ப் மாரிடைம், நாட்டிகல் இன்ஸ்டிட்யூட்டின் மார்ஸ் திட்டம் இரண்டும் எந்த நாட்டு மாலுமியிடமிருந்தும் அறிக்கை வாங்குகின்றன. இவை அரசு அமைப்புகள் அல்ல, அபராதம் போடுவதில்லை, கப்பலைப் பிடித்து நிறுத்துவதில்லை. உங்கள் பெயர் அவர்களுக்குத் தெரியும், சந்தேகம் இருந்தால் உங்களிடம் கேட்பார்கள். வெளியிடும்போது உங்களையும் கப்பலையும் அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நிபுணர்களின் கருத்தோடு சேர்த்து எல்லோருக்கும் படிக்கத் தருகிறார்கள். பைலட் ஏணி பற்றிய அறிக்கைகள் இரண்டிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓய்வு நேரத்தில் பழையவற்றைப் படியுங்கள். உங்கள் ஷாக்கிள் அங்கே ஏற்கெனவே பல வடிவங்களில் இருக்கும்.

நான்காவது வழி போர்ட் ஸ்டேட் கண்ட்ரோல், அதாவது வந்த கப்பலைச் சோதிக்கும் துறைமுக நாட்டின் அரசு ஆய்வாளர்கள். குறை உண்மையிலேயே ஆபத்தானதாக இருந்து, சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்றால்தான் இந்த வழி. புகார் கொடுத்தவரின் அடையாளத்தை மாஸ்டரிடமோ உரிமையாளரிடமோ வெளிப்படுத்தக்கூடாது என்பது அவர்களுடைய நடைமுறை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009/16 டைரக்டிவில் இது சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அதே டைரக்டிவின் 23-ஆம் பிரிவு பைலட்களுக்கானது. ஏறிய கப்பலில் பாதுகாப்புக்குக் கேடான குறையைக் கண்டால் பைலட் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இங்கே பைலட்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பைலட் குறையைப் பார்த்தார், சொன்னார், மாற்றச் சொன்னார், அதற்கு நன்றி. அவர் கரைக்குப் போய் எழுதினாரா என்பது உங்களுக்குத் தெரியாது. பல பைலட்கள் எழுதுவதில்லை. இரவு இரண்டு மணி, அடுத்த கப்பல் காத்திருக்கிறது, மாஸ்டர் நல்ல மனிதர், மன்னிப்பும் கேட்டுவிட்டார். மனித இயல்புதான். ஆனால் அந்தக் கருணை அந்த மாஸ்டருக்கு மட்டும் போகிறது, அடுத்த துறைமுகத்தில் அதே ஏணியில் தொங்கப்போகும் தன் சக பைலட்டுக்குப் போவதில்லை. மேலே வந்ததும் பிரிட்ஜில் தகவல் பரிமாறும்போதே பைலட் அதை வாய்விட்டுச் சொல்லி, “இதைத் துறைமுகத்துக்கும் தெரிவிக்கிறேன்” என்று சொல்லிவிட்டால், கப்பலில் உங்களைப் போன்றவர்களுக்கு எழுதுவது எளிதாகிவிடும். யாரும் காட்டிக்கொடுத்ததாக ஆகாது.

இனி எழுதும் விதம். “பைலட் ஏணி சரியில்லை, உடனே கவனிக்கவும்” என்று எழுதினால் கரையில் இருப்பவர் “கவனிக்கப்பட்டது” என்று பதில் போட்டு மூடிவிடுவார். படிப்பவர் கப்பலைப் பார்க்காமலேயே டெக்கில் நிற்பது போல உணர வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள் (ஸ்டார்போர்டு என்பது கப்பலின் வலப்பக்கம், போர்ட் இடப்பக்கம், ஸ்வெல் கடலின் அலையெழுச்சி):

“ஸ்டார்போர்டு பைலட் ஏணி, டேக் எண் இன்னது, பயன்பாட்டுக்கு வந்த தேதி இன்னது. ஏறும்போது ஃப்ரீபோர்டு சுமார் 5 மீட்டர், ஸ்வெல் மிதமானது, இருட்டு. ஏணியின் நடுப்பகுதியில் இரு பக்கக் கயிறுகளையும் டி-ஷாக்கிள்களால் டெக்கின் பேட் ஐயில் பிடித்திருந்தோம். எடை டெக் பக்கமிருந்த ஸ்டெப்பின் சீசிங் மேல் விழுந்தது. பைலட் இதைச் சுட்டிக்காட்டினார். அவர் கிளம்பும் முன் ரோலிங் ஹிட்ச் போட்டு மாற்றினோம். சோதித்தபோது கீழிருந்து இத்தனையாவது ஸ்டெப்பின் சீசிங் தளர்ந்திருந்தது. போர்ட் பக்கத்தில் பேட் ஐ ஏணிக்கு நேராக உள்ளது, ஸ்டார்போர்டில் ஒரு பக்கமாகத் தள்ளி உள்ளது. அதனால் ரோலிங் ஹிட்ச் கோணலாக இழுக்கிறது. கேட்பது: புதிய பேட் ஐ, இந்த ஏணியைச் சேவையிலிருந்து எடுக்க அனுமதி, சிஸ்டர் ஷிப்களில் இதே இடத்தைச் சோதித்தல்.”

இதில் யார் பெயரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். “போசன் தவறாகக் கட்டினார்” என்று எழுதினால் போசனுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், கோப்பு மூடப்படும், பேட் ஐ அதே இடத்தில் இருக்கும். அடுத்த முறை போசன் உங்களிடம் எதையும் காட்டவும் மாட்டார்.

படங்கள் மூன்று வகையில் வேண்டும். ஏணி முழுவதும் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. டெக்கில் எடை எங்கே விழுகிறது என்று தெரியும்படி ஒன்று. சேதமான இடத்தின் அருகில் அளவு ஸ்கேலை வைத்து ஒன்று. பைலட்டின் படத்தையும் வேலை செய்பவர்களின் முகத்தையும் தவிர்த்துவிடுங்கள். அளவு எடுக்கும்போது கப்பலுக்கு வெளியே சாய வேண்டியிருந்தால் ஹார்னஸ் மாட்டிக்கொள்ளுங்கள். ஏணியைக் கட்டும் மாலுமிகளும் அதே தண்ணீருக்கு மேலேதான் நிற்கிறார்கள், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்த படத்தின் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள், அதில் நேரமும் இடமும் பதிந்திருக்கும்.

வாட்ஸ்அப் குழு விஷயம். பைலட் ஏணிப் படங்களைப் பகிர்வதை நான் எதிர்க்கவில்லை. ஏணிக் குறைகளை நிறையப் பேர் முதன்முதலில் கற்றுக்கொண்டதே பைலட்கள் பகிர்ந்த படங்களிலிருந்துதான். என் கவலை, கப்பல் பெயர் தெரியும் படத்தை விளக்கமில்லாமல் எறிவது பற்றி. பார்ப்பவர்கள் திட்டுவார்கள், ஏன் தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இரண்டு நாளில் படம் மேலே போய்விடும். கம்பெனியின் கவனம் ஏணியிலிருந்து விலகி, படம் எடுத்தவர் யார் என்பதில் போய் நிற்கும். அடுத்து கப்பலில் போன் எடுத்துப்போகத் தடை வரும். குறை எந்தக் கணக்கெடுப்பிலும் ஏறாது, அடுத்த துறைமுகத்துக்கும் போய்ச் சேராது. ஆகவே முதலில் முறையான வழியில் அனுப்புங்கள். குறை தீர்ந்த பிறகு, பெயரும் இடமும் தெரியாமல், தவறாகக் கட்டிய படத்தையும் சரியாகக் கட்டிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எடை எங்கே விழுகிறது என்று ஒரு கோடு போட்டுக் காட்டிப் பகிருங்கள். அதைப் பார்க்கும் ஒரு போசன் மறுநாள் தன் கப்பலில் போய்ப் பார்ப்பார்.

வேலைக்குப் பாதிப்பு வருமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தமான எம்.எல்.சி. 2006, கப்பலில் புகார் கொடுப்பவரைப் பழிவாங்குவதைத் தடை செய்கிறது. ஏட்டில் இருக்கும் பாதுகாப்பு அது. காண்ட்ராக்ட் முடிந்து அடுத்த அழைப்புக்காக வீட்டில் காத்திருக்கும்போது, ஏன் அழைப்பு வரவில்லை என்று யாரும் காரணம் எழுதித் தருவதில்லை. அதனால் உங்கள் பயத்தைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நிலைமையில் ஆபத்து குறைவு. பைலட்டே சொன்ன குறை, நீங்கள் உடனே சரிசெய்த குறை, மேற்கொண்டு என்ன வேண்டும் என்ற கோரிக்கை. இப்படி ஒரு அறிக்கை வந்தால் நல்ல டி.பி.ஏ. மகிழ்ச்சியடைவார். போர்ட் ஸ்டேட் கண்ட்ரோல் கண்டுபிடித்து எழுதினால் அது கம்பெனியின் பெயரில் ஏறும், கப்பல் எழுதி முன்கூட்டியே திருத்தினால் ஆடிட்டில் நல்ல சாட்சியாக நிற்கும். சீஃப் ஆபீசரிடமும் இந்த வாதத்தையே வையுங்கள். அவருக்கும் தன் டெக்கில் ஒருவர் விழக்கூடாது என்றுதான் இருக்கும்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லலாம். 2025 ஜூனில் ஐ.எம்.ஓ.வின் கடல் பாதுகாப்புக் குழு தன் 110-ஆவது அமர்வில் விதி 23-ஐத் திருத்தி, பைலட் ஏற்பாடுகளுக்கான புதிய தரநிலைகளையும் ஏற்றது. 2028 ஜனவரி 1 முதல் இவை நடைமுறைக்கு வருகின்றன. ஏணிகளையும் அவற்றை டெக்கில் பிடிக்கும் இடங்களையும் எப்படியும் சரிபார்க்கத்தான் வேண்டும். பேட் ஐ வேலையை அந்தக் கணக்கில் இப்போதே கேட்டால் கரையில் மறுப்பது கடினம்.

அடுத்த துறைமுகம் வருவதற்குள் செய்ய வேண்டியது இருக்கிறது. ஷாக்கிள் தாங்கிய ஏணியை முழுதாக டெக்கில் விரித்து, ஒவ்வொரு ஸ்டெப்பாக அசைத்துப் பாருங்கள், இடைவெளி 310-லிருந்து 350 மி.மீ.க்குள், எல்லாம் சமமாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும் அந்த ஏணியைக் கட்டிவைத்து, பயன்படுத்தக்கூடாது என்று எழுதித் தொங்கவிட்டு, ஸ்பேர் ஏணியை எடுங்கள். ஸ்பேரின் கயிற்றையும் திருகிப் பாருங்கள். ஸ்டார்போர்டு பேட் ஐ கோணலாகவே இருக்கப்போகிறது என்றால், பைலட் ஸ்டேஷனோடு பேசும்போது மாஸ்டர் அதைச் சொல்லி, போர்ட் பக்கம் ஏற்ற முடியுமா என்று கேட்கட்டும். காற்றும் ஸ்வெலும் இடம் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் ஏறலாமா வேண்டாமா என்று பைலட் தெரிந்தே முடிவெடுப்பார். அந்த உரையாடலையும் நேரத்தோடு லாக் புக்கில் குறித்து, டி.பி.ஏ.வுக்குப் போகும் அறிக்கையோடு இணைத்துவிடுங்கள்.